ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன்: மோட் போட்டவருக்கு ஏன் அச்சீவ்மென்ட் கிடையாது?

ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனைக் கம்ப்யூட்டரில் விளையாட வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம் என்றுதான் சொல்வேன். மூல கேம் 2011 நவம்பர் 11 அன்று வந்தது. இந்தப் பதிப்பு 2016 அக்டோபர் 28 அன்று வந்தது. மூன்று கூடுதல் பாகங்களும் உள்ளேயே இருக்கின்றன. மலை ஏறலாம், டிராகனோடு மோதலாம், ஒரு வேலையும் செய்யாமல் ஆற்றோரமாக நடந்துகொண்டும் இருக்கலாம். அதையெல்லாம் விரிவாக எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்கும் முன் அதிகம் பேர் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. மோட் என்பது கேமை மாற்ற ரசிகர்கள் செய்து தரும் சேர்க்கை, அச்சீவ்மென்ட் என்பது கேமில் ஒன்றைச் சாதித்ததும் நம் கணக்கில் பதிவாகும் பட்டம். மோட் ஒன்றைச் சேர்த்தால் இந்த கேமில் அச்சீவ்மென்ட் நின்றுவிடும். நான் எழுத வந்தது அதைப் பற்றி.

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது என் வேலை. தீபாவளிக்கு முன்பிருந்தே காலண்டரும் டைரியும் குவிய ஆரம்பித்துவிடும். திதி, நட்சத்திரம், ராகுகாலம், அரசு விடுமுறைப் பட்டியல் என்று டிசம்பர் கடைசி வரை பொடி எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து வந்துவிட்டது. விளையாடுவது இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம், லேப்டாப்பை ஹாலில் இருக்கும் டிவியோடு இணைத்து. இதையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. ஒருவர் எதற்காக மோட் போடுகிறார் என்பது அவர் யார் என்பதைப் பொறுத்தது. நான் போடும் மோட்கள் என் கண்ணுக்காகவும் தொழில் புத்திக்காகவும்தான்.

ஸ்கைரிமில் எனக்கு வாளைவிடப் புத்தகம்தான் பிடிக்கும். அந்த உலகத்தில் நூற்றுக்கணக்கான புத்தகங்கள் கிடக்கின்றன. திறந்தால் உள்ளே நிஜமாகவே பக்கம் பக்கமாக எழுத்து இருக்கும். வரலாறு, பயணக் குறிப்பு, நாடகம், சமையல் குறிப்பு, யாரோ அவசரத்தில் எழுதிவிட்டுப்போன கடிதம் என்று எல்லாம் உண்டு. வடக்கே பனிக்கரையில் வின்டர்ஹோல்ட் என்ற இடிந்துபோன ஊர். அங்கே ஒரு மந்திரக் கல்லூரி, அதற்குள் ஆர்க்கேனியம் என்ற நூலகம். அதைக் காப்பவர் ஊராக் க்ரோ-ஷுப் என்ற ஆர்க் இனத்துக் கிழவர். இங்கே ரகளை செய்தால் பூதங்களை ஏவிக் கிழித்துப் போடுவேன் என்றுதான் முதல் பேச்சே ஆரம்பிக்கும். புத்தகத்தின் மீது இவ்வளவு பாசம் வைத்த ஒரு பாத்திரத்தை வேறு எந்த கேமிலும் நான் பார்த்ததில்லை. அந்த மேஜையோரம் நின்று அலமாரி அலமாரியாகப் படிப்பதுதான் எனக்கு ஸ்கைரிம்.

இந்த கேமின் 75 அச்சீவ்மென்ட்களில் ஒன்றின் பெயர் ‘ரீடர்’. திறன் வளர்க்கும் புத்தகங்களில் 50 படித்தால் கிடைக்கும். அப்படிப்பட்ட புத்தகங்கள் மொத்தம் 90 இருக்கின்றன, 18 திறன்களுக்குத் தலா ஐந்து. அவை ஒரே இடத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்காது. கொள்ளைக்காரன் குகையில் ஒன்று கிடக்கும், மாளிகையின் படுக்கையறையில் ஒன்று, மூழ்கிப்போன பெட்டியில் ஒன்று. கண்ணை நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தவருக்குத்தான் சேரும். 75-ல் எனக்காகவே வைத்தது போல ஒன்று என்றால் அது இதுதான்.

இனி மோட் பக்கம் வருகிறேன். ‘அன்அஃபிஷியல் ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் பேட்ச்’ என்று ஒன்று இருக்கிறது. ரசிகர்கள் பல வருஷமாகச் சேர்ந்து செய்த திருத்தத் தொகுப்பு, இலவசம். நகராமல் நின்றுபோகும் குவெஸ்ட்கள் (கேம் கொடுக்கும் பணிகள்), அந்தரத்தில் மிதக்கும் கற்கள், தப்பான விலைகள் என்று ஆயிரக்கணக்கான பிழைகளைச் சரிசெய்கிறது. வின்ட்ஹெல்ம் நகரத்தில் நடக்கும் ‘பிளட் ஆன் தி ஐஸ்’ என்ற கொலை விசாரணையைத் தொட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்த குவெஸ்ட் பாதியில் சிக்கிக்கொள்வதற்குப் பேர்போனது. என்னை அந்த பேட்ச்சிடம் இழுத்ததோ வேறொன்று: அது புத்தகங்களில் இருக்கும் எழுத்துப்பிழைகளையும் திருத்துகிறது. முன்பின் தெரியாத யாரோ சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து ஒரு கற்பனை உலகத்தின் நூலகம் முழுவதற்கும் புரூஃப் பார்த்திருக்கிறார்கள். மாற்றங்களின் பட்டியலில் அந்தப் பகுதியைப் படித்தபோது கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அந்த பேட்ச்சைப் போட்டுக்கொண்டு 50 புத்தகங்களைப் படித்தால் ‘ரீடர்’ கிடைக்காது. புத்தகம் அதேதான், இடம் அதேதான், படிப்பவரும் அவரேதான். திருத்திய பிரதியைப் படித்ததால் படித்ததாகவே கணக்கில்லை என்கிறது கேம்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். மோட் என்பது பல வகைக் கோப்புகளின் மூட்டை. அதில் இஎஸ்பி, இஎஸ்எம் என்று முடியும் பிளக்இன் கோப்புகள் முக்கியமானவை. கேம் தொடங்கும்போது தன்னுடையதல்லாத பிளக்இன் ஒன்று ஏறியிருந்தால் அச்சீவ்மென்ட்டை நிறுத்திவிடுகிறது. அந்த நிலையில் சேமித்தால் சேவ் பட்டியலில் அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘எம்’ என்ற எழுத்து வந்து ஒட்டிக்கொள்ளும். பிளக்இன் உள்ளே என்ன செய்கிறது என்று கேம் திறந்து பார்ப்பதே இல்லை. எதிரியை ஒரே அடியில் சாய்க்கும் வாளும் ஒரு கடிதத்தில் விட்டுப்போன காற்புள்ளியும் அதன் கணக்கில் ஒன்றுதான்.

பிளக்இன் இல்லாத மோட்கள் இந்தச் சோதனையில் சிக்குவதில்லை. எழுத்துருவை மாற்றும் மோட், மரத்தின் பட்டையையும் கல்லின் நிறத்தையும் மாற்றும் மோட் எல்லாம் வெறும் கோப்புகளாகக் கிடப்பவை, அவற்றால் பிரச்சினை கிடையாது. பைகளையும் பட்டியல்களையும் ஒழுங்காக அடுக்கித் தரும் ஸ்கையூஐ போன்ற மோட்டில் ஒரு பிளக்இன் உண்டு. அது சண்டையில் ஒரு துளியும் உதவாது, பையில் இருப்பது கண்ணுக்குத் தெரிவதற்கு மட்டும் உதவும். அதற்குப் பூட்டு விழுகிறது.

பிறகு கன்சோல். கீபோர்டில் எண் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் விசையை அமுக்கினால் கட்டளை எழுதும் பெட்டி திறக்கும். ‘டிஜிஎம்’ என்று மூன்று எழுத்து தட்டினால் சாவே கிடையாது. இன்னொரு வரி தட்டினால் எத்தனை பொற்காசு வேண்டுமோ அத்தனை பையில் வந்து விழும். ஒரு லட்சம் பொற்காசு சேர்ப்பவருக்குக் கொடுக்க ‘கோல்டன் டச்’ என்று ஓர் அச்சீவ்மென்ட்டை இதே கேம் வைத்திருக்கிறது. இந்தக் கட்டளைகளைப் பயன்படுத்தினாலும் அச்சீவ்மென்ட் நிற்பதில்லை. 2023-ல் வந்த ஸ்டார்ஃபீல்ட் என்ற கேமில் கன்சோலைத் தொட்டாலே அச்சீவ்மென்ட் போய்விடும் என்று எச்சரிக்கை காட்டுகிறார்கள். ஸ்கைரிமில் அது இல்லை.

ஆக, ஒருவர் நேர்மையாக விளையாடினாரா என்று பார்க்க வைத்த பூட்டு இது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. திருடன் வருகிற வாசல் திறந்தே இருக்கிறது, பூட்டு தொங்குவது புத்தக அலமாரியில்.

வரலாற்றைப் பார்த்தால் இந்தச் சந்தேகம் இன்னும் கெட்டியாகிறது. 2011-ல் வந்த மூல ஸ்கைரிமில் இந்தத் தடையே கிடையாது. 2012 பிப்ரவரியில் மோட் செய்யும் கருவியான கிரியேஷன் கிட்டை கேமைச் செய்த நிறுவனமே வெளியிட்டது, கம்ப்யூட்டர் கேம் கடையான ஸ்டீமின் ஒர்க்‌ஷாப்பில் மோட்கள் மலைபோல் குவிந்தன, அச்சீவ்மென்ட்டும் அதன்பாட்டில் விழுந்துகொண்டிருந்தது. யாரும் முறையிடவில்லை, உலகம் இடிந்துபோகவில்லை. பூட்டு வந்தது 2016-ல், எக்ஸ்பாக்ஸுக்கும் பிளேஸ்டேஷனுக்கும் மோட் வசதி வந்த அதே பதிப்போடு. அதற்கு அடுத்த வருஷம் கிரியேஷன் கிளப் வந்தது: நிறுவனம் தன் முத்திரையோடு விலைக்கு விற்கும் சிறு சேர்க்கைகள். அதில் ‘ஸ்டெண்டார்ஸ் ஹாமர்’ என்று ஒரு பிரம்மாண்டமான சம்மட்டி உண்டு. அடித்தால் எதிரி எழுந்திருக்க மாட்டான். அதை வாங்கிப் போட்டுக்கொண்டால் அச்சீவ்மென்ட் நிற்காது. 2021-ல் வந்த ஆனிவர்சரி எடிஷனில் இந்தச் சேர்க்கைகள் மொத்தமாக வந்தன, அவையும் அப்படியே. 2023 டிசம்பரில் கிரியேஷன்ஸ் என்ற பெயரில் இலவச மோட்களும் விலைக்கான மோட்களும் ஒரே கடைக்குள் வந்தபோது, அச்சீவ்மென்ட்டுக்குத் தடையில்லாதவை என்ற முத்திரை சிலவற்றுக்குக் கிடைத்தது.

அந்த முத்திரை ஒன்றைத் தெளிவாகக் காட்டிவிட்டது. மோட்டும் அச்சீவ்மென்ட்டும் சேர்ந்திருப்பதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. எவை சேரலாம் என்பதை ஒரு கை தேர்ந்தெடுக்கிறது, அவ்வளவுதான். விலைக்கு வரும் சம்மட்டிக்குத் திறக்கும் கதவு இலவசமாக வரும் பிழைதிருத்தத்துக்கு மூடியிருக்கிறது. மோட் செய்பவருக்குக் காசு கிடைப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. உழைத்தவர் கூலி வாங்க வேண்டும். என் வருத்தம் வாசிப்பவர் பக்கத்திலிருந்து வருவது.

சிறுசேரியில் வேலை பார்க்கும் என் தம்பி இதை ஒத்துக்கொள்வதில்லை. அவன் அச்சீவ்மென்ட்டைத் தேடித் தேடிப் பிடிப்பவன். பால்டர்ஸ் கேட் 3 என்ற கேமில் ஹானர் மோட் என்ற கடினமான ஆட்டமுறையை முடித்து ‘ஃபோஹாமர்’ அச்சீவ்மென்ட்டையும் தங்கப் பகடையையும் வாங்கியவன். ஒரே சேவ்தான், செத்தால் முடிந்தது, பெரிய எதிரிகளுக்குக் கூடுதல் பலம். அதை முடித்த அன்றைக்கு ராத்திரி போன் போட்டுக் கத்தினான். இந்த விஷயத்தில் அவனோடு பேச ஆரம்பித்தால் இட்லி ஆறிப்போகும்.

“அக்கா, நீ ஒண்ணும் பண்ணமாட்டேன்னு எனக்குத் தெரியும். ஆனா மோட் போடுற எல்லாரும் நீயா? ஒருத்தன் சாகாம இருக்க மோட் போட்டு ஃபோஹாமர் வாங்குனா, என் பகடைக்கு என்ன மதிப்பு?”

“அப்போ அந்த மோட்ட மட்டும் தடுக்கட்டும்டா. எழுத்துப்பிழை திருத்துறதையும் சேர்த்து ஏன் தடுக்கணும்?”

“எது எதுன்னு யார் உக்காந்து பிரிச்சுப் பாக்குறது?”

அவன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு நான் மேலே பேச மாட்டேன். சில அச்சீவ்மென்ட்கள் ஒரு கஷ்டத்தைத் தாண்டியதற்குச் சான்று. ஹானர் மோடை முடித்தவர் என்றால், அந்த விதிகளுக்குள் நின்று முடித்தவர் என்றுதான் பொருள். விதியைத் தளர்த்தும் மோட் அங்கே இருக்கக் கூடாது, நானும் அவன் பக்கம்தான். பலபேர் மோதும் போட்டி கேம்களிலும் அப்படியே. ஆனால் ‘ரீடர்’ அந்த வகையில் சேராது. நீ இந்த உலகத்தில் இவ்வளவு தூரம் சுற்றினாய், இத்தனை புத்தகம் திறந்தாய் என்று கேம் எழுதிவைக்கும் நாட்குறிப்பு அது. 50 குகைகளைத் தாண்டினால் வரும் ‘டெல்வர்’, ஒரு வீடு வாங்கினால் வரும் ‘சிட்டிசன்’ எல்லாம் அந்த வகைதான். இரண்டு வகைக்கும் ஒரே பூட்டு என்பதில்தான் கோளாறு.

யார் பிரித்துப் பார்ப்பது என்ற கேள்விக்கும் பதில் ஏற்கெனவே இருக்கிறது. 2013-ல் வந்த யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 என்ற கேமை ஆடுபவர்களுக்கு இது பழக்கமான சங்கதி. அதில் அச்சீவ்மென்ட் வேண்டுமானால் ஒரே சேவ் மட்டும் உள்ள அயர்ன்மேன் முறையில் ஆட வேண்டும், கேமின் செக்சமும் மாறாமல் இருக்க வேண்டும். செக்சம் என்பது விளையாட்டின் விதிகளைத் தீர்மானிக்கும் கோப்புகளைக் கூட்டிப் பார்த்து எடுக்கும் ஒரு குறியீடு. விதியைத் தொடும் மோட் போட்டால் குறியீடு மாறும், அச்சீவ்மென்ட் நிற்கும். வரைபடத்தின் தோற்றத்தையும் படங்களையும் இசையையும் மாற்றும் மோட் போட்டால் குறியீடு மாறாது, அச்சீவ்மென்ட் தொடரும். அந்த கேமுக்கு மோட் செய்கிறவர்கள் ‘அயர்ன்மேனுக்கு ஒத்துப்போகும்’ என்று தங்கள் மோட்டின் தலைப்பிலேயே எழுதி வைக்கிறார்கள். யாரும் உட்கார்ந்து பிரிக்க வேண்டியதில்லை, கணினியே பிரிக்கிறது. தம்பியிடம் இதைச் சொன்னபோது மட்டும் அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், “அது நல்லாத்தான் இருக்கு, ஆனா ஸ்கைரிம்ல அப்படிச் செய்ய முடியுமா?” என்றான். ஓர் ஆயுதத்தின் பலத்தைச் சொல்லும் பதிவும் ஒரு புத்தகத்தின் உரையைச் சொல்லும் பதிவும் பிளக்இன் உள்ளே தனித்தனி வகையாகத்தான் இருக்கின்றன. மனமிருந்தால் செய்யலாம்.

அடியோடு தடையே வைக்காத வழியும் உண்டு, ஸ்டார்டியூ வேலி போல. எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்ட விவசாய கேம் அது. அதற்கு எஸ்எம்ஏபிஐ என்ற கருவி வழியாக மோட் போடுவார்கள், அச்சீவ்மென்ட் நிற்காது. ஸ்டீமில் அது சரியாக விழ, தொடக்க அமைப்பை எப்படி மாற்ற வேண்டும் என்று அந்தக் கருவியின் வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறார்கள். அதே கேமில் ‘ஃபெக்டர்ஸ் சேலஞ்ச்’ என்று ஒரு கொடூரமான அச்சீவ்மென்ட் இருக்கிறது: மதுக்கடையில் இருக்கும் துப்பாக்கி விளையாட்டை ஒரு தடவைகூடச் சாகாமல் முடிக்க வேண்டும். மோட் போட்டு அதைச் சுலபமாக்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நேர்வழியில் முடித்தவர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள், கேட்பவர்களும் கைதட்டுகிறார்கள்.

ஸ்டார்டியூ வேலியின் தாராளத்துக்குள் இன்னொரு பெரிய விஷயம் இருக்கிறது. ‘ஸ்டார்டியூ ஆக்சஸ்’ என்ற மோட் பார்வையற்றவர்கள் அந்த கேமை விளையாட வழிசெய்கிறது. எதிரே என்ன இருக்கிறது, கையில் என்ன கருவி, எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பதையெல்லாம் ஸ்கிரீன் ரீடர் வழியாகச் சொல்கிறது. அந்த மோட்டோடு ஒருவர் விதைத்து, அறுத்து, ஊராரோடு பழகி எடுக்கும் அச்சீவ்மென்ட் பார்வையுள்ளவர் எடுப்பது போலவே பதிவாகிறது. பிளக்இன் இருந்தாலே பூட்டு என்ற விதி அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவரும் விளையாடுவார், முடிப்பார், அவர் பக்கம் மட்டும் காலியாக இருக்கும். என் வெள்ளெழுத்து சாதாரணத் தொல்லை, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும். மோட் இல்லாமல் கேமுக்குள் நுழையவே முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சாகாவரம் வாங்கியவருக்கும் ஒரே தண்டனை கொடுக்கும் விதி நல்ல விதி ஆகாது. இந்த ஒரு காரணத்துக்காகவே மோட்டும் அச்சீவ்மென்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் வாதாடுவேன், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஸ்டீமில் ஒவ்வோர் அச்சீவ்மென்ட்டுக்கும் பக்கத்தில் எத்தனை சதவீதம் பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று காட்டும். பூட்டைத் திறந்தால் அந்தக் கணக்கு கெட்டுவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஸ்டீம் அச்சீவ்மென்ட் மேனேஜர் என்று ஒரு மென்பொருள் பல வருஷமாகப் புழக்கத்தில் இருக்கிறது. கேமைத் தொடாமலே, பட்டியலில் டிக் போட்டு எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அது இருக்கும் வரை இந்தச் சதவீதம் கறாரான கணக்காக இருக்க வழியில்லை. பொய்யாக வாங்க நினைப்பவர் மோட் போட்டு இரவெல்லாம் விளையாடிக்கொண்டிருக்க மாட்டார்.

இனி திறக்கும் வழி. நான் பயன்படுத்துவதும் உங்களுக்குப் பரிந்துரைப்பதும் ‘எஸ்எஸ்இ என்ஜின் ஃபிக்சஸ்’ என்ற இலவச மோட். நெக்சஸ் மோட்ஸ் தளத்தில் கிடைக்கும். அதன் முதல் வேலை அச்சீவ்மென்ட் அல்ல. கேமின் எந்திரத்துக்குள்ளேயே இருக்கும் பழைய கோளாறுகளைச் சரிசெய்வது, நினைவகத்தைக் கையாளும் முறையை மேம்படுத்துவது எல்லாம்தான் அதன் முக்கிய வேலை. கூடவே, மோட் இருந்தாலும் அச்சீவ்மென்ட் விழட்டும் என்ற வசதியும் அதில் அடங்கியிருக்கிறது. வேண்டாம் என்பவர் அமைவுக் கோப்பில் அதற்கான வரியை மாற்றி அணைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு வசதிக்கு மட்டும் தனி மோட்களும் இருக்கின்றன. நான் இதைத் தேர்ந்தெடுத்தது, எப்படியும் வைத்திருக்க வேண்டிய மோட் என்பதால்.

போடுவது சற்றுக் கைவேலை. முதலில் எஸ்கேஎஸ்இ என்ற ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர், அதாவது மோட்களுக்குக் கூடுதல் வசதிகளைத் திறந்துவிடும் கருவி வேண்டும். உங்கள் கேமின் பதிப்பு எண்ணும் அதன் பதிப்பு எண்ணும் பொருந்த வேண்டும், இதில் ஒரு புள்ளி தப்பினாலும் ஓடாது. அதற்கப்புறம் ‘அட்ரஸ் லைப்ரரி’ என்ற துணைக் கோப்பு. அதற்கப்புறம்தான் என்ஜின் ஃபிக்சஸ். அது இரண்டு பகுதியாக வந்த பதிப்புகளில் முதல் பகுதியை மோட் மேனேஜர் வழியாகவும், இரண்டாவது பகுதியில் இருக்கும் டிஎல்எல் கோப்புகளைக் கையால் கேமின் மூலக் கோப்புறையிலும் போட வேண்டும். பக்கத்தில் இருக்கும் விளக்கத்தை வரிவிடாமல் படித்துவிட்டுச் செய்யுங்கள். கேமைத் தொடங்கும்போது ஸ்டீமின் பிளே பட்டனை அமுக்காமல் எஸ்கேஎஸ்இ-யின் லோடரை ஓட்ட வேண்டும். இவ்வளவு செய்தபின் பேட்ச், ஸ்கையூஐ எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளலாம்.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. ரிஃப்டன் பக்கம் ஒரு குகையில், அணைந்துபோன அடுப்புக்குப் பின்னால் மேஜையடியில் கிடந்த புத்தகத்தை எடுத்துத் திறந்தேன். திறன் உயர்ந்த செய்தி வந்தது. பக்கத்தைப் புரட்டுவதற்குள் திரையின் வலப்பக்கக் கீழ் மூலையில் ஸ்டீமின் சின்னக் கட்டம் மெல்ல மேலேறியது: ‘ரீடர்’. பிழை திருத்திய பக்கம், எனக்கு வசதியான எழுத்துரு, என் பெயரில் பதிவு. புத்தகத்தை மூடாமல் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் குகையை விட்டு வெளியே வந்தேன். மறுநாள் தம்பிக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். “இது நியாயமானதுதான்க்கா” என்று பதில் போட்டான். ஹானர் மோட் விஷயத்தில் அவன் ஒரு அங்குலமும் இறங்கி வரவில்லை, இறங்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்த வழி மொத்தமும் எஸ்கேஎஸ்இ-யை நம்பி நிற்கிறது. கேமுக்கு அப்டேட் வந்து அதை ஓட்டும் எக்ஸிக்யூட்டபிள் கோப்பு மாறினால் எஸ்கேஎஸ்இ ஓடாது, அதன் மேல் நிற்கும் என்ஜின் ஃபிக்சஸும் ஓடாது. 2021 நவம்பர் அப்டேட்டின்போதும் 2023 டிசம்பர் அப்டேட்டின்போதும் இதுதான் நடந்தது. மோட் செய்கிறவர்கள் தங்கள் சொந்த நேரத்தைப் போட்டுப் புதிதாக எழுதித் தரும் வரை எல்லாரும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு பெரிய நிறுவனத்தின் பூட்டைத் திறக்க, கைக்காசு வாங்காத சிலரின் தூக்கம் செலவாகிறது என்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. அந்த வேலை கேமுக்குள்ளேயே ஓர் அமைப்பாக இருக்க வேண்டியது. ‘மோட்டோடு வாங்கியது’ என்று பக்கத்தில் ஒரு குறி போட்டுக்கூடக் கொடுக்கட்டும். சேவ் பட்டியலில் ‘எம்’ போடத் தெரிந்தவர்களுக்கு அச்சீவ்மென்ட் பக்கத்தில் போடவும் முடியும்.

அந்த பேட்ச்சிலும் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். பிழைதிருத்தம் என்ற பெயரில் விளையாட்டின் போக்கையே சில இடங்களில் மாற்றியிருக்கிறார்கள் என்று மோட் போடுபவர்களிடையே நெடுநாள் சண்டை உண்டு. என்னைப் பொறுத்தவரை கிடைக்கும் நன்மை அதைவிடப் பெரியது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்த மாற்றங்களைத் திருப்பிப் போடும் சிறு மோட்களும் இருக்கின்றன.

கம்ப்யூட்டரில் ஆடுபவர் என்றால் தயங்காமல் வாங்குங்கள். வாங்கியதும் ஸ்டீமில் கேமின் பண்புகளுக்குள் போய், அப்டேட் என்ற இடத்தில் ‘நான் தொடங்கும்போது மட்டும் அப்டேட் செய்’ என்று மாற்றிவிடுங்கள். அதன்பின் லோடர் வழியாகவே திறந்து வந்தால் பதிப்பு தானாக மாறாது. எக்ஸ்பாக்ஸிலோ பிளேஸ்டேஷனிலோ ஆடுபவருக்கு நிலைமை வேறு. அங்கே எஸ்கேஎஸ்இ கிடையாது, என்ஜின் ஃபிக்சஸும் கிடையாது. பிளேஸ்டேஷனில் மோட்டுக்குப் புதிய படக்கோப்புகளைச் சேர்க்கவே அனுமதி இல்லை. உங்களுக்கு அச்சீவ்மென்ட் முக்கியம் என்றால் அங்கே மோட் இல்லாத ஒரு பாத்திரத்தைத் தனியாக ஆடி முடித்துவிட்டு, மோட்களுக்கு வேறொரு பாத்திரத்தைத் தொடங்குங்கள். இரண்டையும் ஒரே சேவில் கலக்காதீர்கள்.